நடுச்செவிக்குள் வளரும் தோல்: கொலஸ்டியட்டோமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது வடிகிறது என்றால் வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, முதலில் நடப்பது பக்கத்துப் பாமசிக்குப் போய் ஒரு துளி மருந்து வாங்குவதுதான். பல காதுகளுக்கு அது போதும். சில காதுகளுக்குப் போதாது. அந்தச் சில காதுகளைப் பற்றியது இந்தப் பக்கம். டயக்னோசிஸ் கார்ட்டில் ‘கொலஸ்டியட்டோமா’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், கிளினிக் நெரிசலில் அது என்னவென்று கேட்க நேரம் கிடைத்திருக்காது. அப்படி வீடு திரும்பியவர்களை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

கொலஸ்டியட்டோமா என்றால் என்ன?

தோல் இருக்கக் கூடாத இடத்தில் தோல் வளர்வது. அந்த இடம் நடுச்செவி.

காதுத் துவாரத்தின் முடிவில் செவிப்பறை இருக்கிறது. அகலம் சுமார் 1 சென்டிமீற்றர், தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. செவிப்பறையின் வெளிப்பக்கம் வரை இருப்பது தோல். அதற்கு அப்பால் நடுச்செவி. காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை அது. ஒலியை உட்செவிக்குக் கடத்தும் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்ற மூன்று குட்டி எலும்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த அறையின் உட்சுவரை மூடியிருப்பது ஈரமான மெல்லிய சவ்வு, தோல் அல்ல.

தோலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது ஓயாமல் செத்த கலங்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். கை கால்களில் அது தேய்ந்தும் குளிக்கும்போதும் போய்விடுகிறது. காதுக்குள் தேய்த்துக் கழுவ முடியாது. அதனால் செவிப்பறைத் தோலும் துவாரத்துத் தோலும் மெதுவாக, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. குடும்பி (காது அழுக்கு) தானாக வெளியே வருவது இதனால்தான். நடுச்செவிக்குள் மாட்டிக்கொண்ட தோலுக்கு அந்த வெளிவழி கிடையாது. மாநகரசபை லொறி வராத ஒழுங்கையில் குப்பை சேர்வதுபோல, உதிர்ந்த கலங்கள் அங்கேயே குவிகின்றன. சுற்றியிருக்கும் தோல் ஒரு பையாகிறது. உள்ளே சேரச் சேரப் பை பெருக்கிறது. பை பெருக்க, உதிர்க்கும் தோலின் பரப்பும் கூடுகிறது.

ஒப்பரேஷனில் திறந்து பார்த்தால் முத்துப்போல வெண்மையாக, அடுக்கடுக்காக இருக்கும். கிருமி தொற்றிவிட்டால் வெண்மையும் போய்விடும், நாற்றமும் சேர்ந்துவிடும்.

தோல் எப்படி அங்கே போய்ச் சேர்கிறது?

இதுதான் மையமான கேள்வி, பதிலும் கொஞ்சம் நீளம்.

மிக அதிகமாகக் காணப்படும் வழி, செவிப்பறை உள்ளே இழுபடுவது. நடுச்செவிக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் இடையே ஊஸ்டேக்கியன் குழாய் என்று ஒரு குழாய் ஓடுகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து நடுச்செவிக்குக் காற்றை விடுகிறது. அடிக்கடி வரும் தடிமன், மூக்கு ஒவ்வாமை, மூக்கின் பின்புறம் பெருத்திருக்கும் அடினொயிட் சதை போன்றவற்றால் குழாய் சரியாகத் திறக்காமல் போகலாம். அப்போது உள்ளே இருக்கிற காற்றைச் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது, புதுக் காற்று வருவதில்லை. உள்ளே அமுக்கம் குறைகிறது. வெளிக்காற்று செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது.

செவிப்பறை எல்லா இடத்திலும் ஒரே பலமுள்ளதல்ல. அதன் பெரும்பகுதியில் நடுவே உறுதியான நார்ப்படை இருக்கிறது. மேற்பக்கத்தில் உள்ள சிறு பகுதியில் அந்தப் படை ஒழுங்காக இல்லை, அதனால் அது தொய்வானது. அமுக்கம் குறையும்போது பெரும்பாலும் முதலில் குழிவது அந்த இடம்தான். குழி ஆழமில்லாமல் இருக்கும்வரை தோல் வழக்கம்போல வெளியே நகர்ந்து தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. டொக்டர்மார் அதைப் பார்த்து, “கவனித்துக்கொண்டிருப்போம்” என்பார்கள். குழி ஆழமாகி அதன் வாய் குறுகிவிட்டால் உதிர்ந்தது வெளியே வர முடியாது. அந்தக் கட்டத்தில் குழி கொலஸ்டியட்டோமாவாக மாறிவிடுகிறது. செவிப்பறை கிழியாமலே தோல் உள்ளே போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். “ஓட்டையே இல்லையே, பிறகு எப்படி?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது வழி ஓட்டை. பழைய கிருமித்தொற்றால் செவிப்பறையில், குறிப்பாக அதன் விளிம்பில், துவாரம் விழுந்து நீண்ட காலம் மூடாமல் இருந்தால், வெளித்தோல் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து போகலாம்.

மூன்றாவது, தோல் தற்செயலாக உள்ளே விதைக்கப்படுவது. வெடிப்பொன்றில் செவிப்பறை கிழிந்து தோல் துணுக்குகள் உள்ளே சிதறியிருக்கலாம். நடுச்செவிக்குக் காற்றுப் போக டொக்டர்மார் செவிப்பறையில் சிறு குழாய் வைத்த இடத்திலோ பழைய காது ஒப்பரேஷனிலோ ஒரு துணுக்கு தங்கியிருக்கலாம். வெடிப்பு நடந்து பல வருடம் கழித்துக்கூட இது வெளிப்படலாம். போர்க்காலத்தில் குண்டுச் சத்தத்தில் காது கிழிந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அப்படிப்பட்டவருக்கு இப்போது காது வடிந்தால், அந்தப் பழைய காயத்தைப் பற்றி டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்கள் இன்னமும் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. தோல் ஊர்ந்து போகிறது என்று ஹாபர்மான் 1888இல் எழுதினார். செவிப்பறை உள்ளிழுபடுவதே காரணம் என்று விட்மாக் 1933இல் வாதிட்டார். தோலின் அடிக்கலங்கள் பெருகி உள்ளே துளைக்கின்றன என்போரும், நடுச்செவிச் சவ்வே தோலாக மாறுகிறது என்போரும் உண்டு. கடைசிக் கருத்துக்கு ஆதரவு குறைவு. ஒரே காதில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் சேர்ந்தும் வேலை செய்யலாம். நோயாளிக்கு இதனால் சிகிச்சை மாறப் போவதில்லை.

பிறக்கும்போதே இருக்க முடியுமா?

முடியும், ஆனால் அரிது. கரு வளரும்போது நடுச்செவியில் இருக்கும் சிறு தோற்கலக் கூட்டம் பொதுவாகப் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிடும். சிலருக்கு அது மறையாமல் நின்று வளர்கிறது. இந்தப் பிள்ளைகளின் செவிப்பறை முழுமையாக இருக்கும், காது வடிந்த வரலாறும் இருக்காது. செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சிறு உருண்டை தெரியும், பெரும்பாலும் முன்பக்கத்து மேல் மூலையில். வேறு ஏதோ காரணத்துக்காகக் காதைப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதே அதிகம்.

இது புற்றுநோயா? கொலஸ்ட்ரோல் கூடினதால் வந்ததா?

இரண்டும் இல்லை. உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரோலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, பெயர் 1838இல் வைத்த பழைய பெயர். ஆகவே முட்டையையும் இறாலையும் இதற்காக நிறுத்த வேண்டாம்.

புற்றுநோய் இல்லையென்றால் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

எலும்பை அரிப்பதால். பை பெருத்து அமுக்குவதால் மட்டும் எலும்பு கரைவதில்லை. உள்ளே சேர்ந்த கழிவில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகக் குடியேறுகின்றன. அதனால் ஓயாத அழற்சி உண்டாகிறது. அழற்சியின்போது சுரக்கும் பொருட்கள் எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களும் சேர்ந்துகொள்கின்றன. கிருமித்தொற்று உள்ள காதில் அரிப்பு வேகமாக நடப்பது இதனால்தான்.

நடுச்செவியைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் மிச்சம் தானாக விளங்கும். முதலில் போவது பெரும்பாலும் பட்டடையின் நீண்ட முனை. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. அது அறுந்தால் ஒலி கடத்தும் சங்கிலி அறுகிறது, கேட்பது குறைகிறது. உட்பக்கச் சுவரில் உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் கால்வாய் இருக்கிறது. அதன்மேல் உள்ள எலும்பு ஓட்டையானால் தலைசுற்று. ஏந்திக்குச் சற்று மேலே மெல்லிய எலும்புக் குழாய்க்குள் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. சிலருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் திறந்திருக்கும். நரம்பு பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத்து முகம் கோணும், கண் மூடாது. கூரைக்கு மேலே மூளை. பின்புறத்தில் மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் பெரிய நாளம். மூளைச்சவ்வுக் காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி, அந்த நாளத்தில் இரத்தக்கட்டி எல்லாம் காதிலிருந்தே வரக்கூடியவை. அன்டிபயோடிக் வருவதற்கு முன் காது நோயால் மக்கள் இறந்தது இவற்றால்தான். இன்று இவை அரிது. ஆனால் இல்லாமல் போகவில்லை.

வலியே இல்லை. பிறகு எப்படி இது பெரிய வருத்தமாக இருக்கும்?

இந்தக் கேள்வியால்தான் பலர் வருடக்கணக்கில் தாமதிக்கிறார்கள். கொலஸ்டியட்டோமா பெரும்பாலும் வலிக்காது. கெட்ட நாற்றத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வடியும், மருந்து விட்டால் நிற்கும், ஒரு மாதத்தில் திரும்ப வரும். கேட்பது மெல்லக் குறையும். காதுக்குள் இரைச்சல் இருக்கலாம். சில வேளை இரத்தம் கலந்து வரும். இவ்வளவுதான். தலையணை உறையில் மஞ்சள் கறை, பிள்ளை பக்கத்தில் வந்தால் ஒரு நாற்றம் என்று தாய்மார்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

வலி வந்தால் அது நல்ல சகுனமல்ல. நாட்பட்டு வடியும் காது திடீரென வலிக்கத் தொடங்கினால், தலையிடியும் சேர்ந்துகொண்டால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிலருக்குக் கேட்பது குறைவதும் தெரியாது. எலும்புச் சங்கிலி அறுந்த இடத்தை அந்தப் பையே நிரப்பி ஒலியைக் கடத்திவிடும். ஒப்பரேஷனுக்குப் பிறகு, “முந்தி நன்றாகக் கேட்டதே!” என்று சிலர் கோபப்படுவதன் பின்னணி இதுதான். இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது டொக்டரின் கடமை என்பேன். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

காது வடிந்தாலே கொலஸ்டியட்டோமாவா?

இல்லை. பெரும்பாலான வடிதல் சாதாரணத் தொற்று. தடிமனோடு வலித்து, காய்ச்சல் வந்து, சளிபோல் நாற்றமில்லாமல் வடிந்து ஓயும் காது வேறு. செவிப்பறையின் நடுவில் ஓட்டை இருந்து, தண்ணீர் போகும்போதெல்லாம் வடியும் காதும் வேறு. அதிலும் தோல் உள்ளே போக வாய்ப்புண்டு, ஆனால் குறைவு. பின்லாந்தில் எடுத்த ஒரு கணக்கில் கொலஸ்டியட்டோமா ஆண்டுக்கு இலட்சம் பேரில் 9 பேர் அளவிலேயே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

சந்தேகப்பட வேண்டியது நாற்றம், திரும்பத் திரும்ப வருதல், ஒரே காதில் கேட்பது குறைதல் ஆகிய மூன்றும் சேரும்போது. உலக சுகாதார நிறுவனம் 2 வாரத்துக்கு மேல் வடிந்தாலே நாட்பட்ட வடிதல் என்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் பாமசிக் கவுண்டர் போதாது.

துளி மருந்து விட்டால் கரையாதா?

கரையாது. துளி மருந்து கிருமியைக் கொல்லும், நாற்றத்தைக் குறைக்கும், அரிப்பின் வேகத்தையும் கொஞ்சம் தணிக்கும். தோலை அகற்றாது. வடிதல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் இந்த நோயில் விழும் பெரிய பொறி.

இன்னொரு விஷயம். செவிப்பறையில் ஓட்டை உள்ள காதுக்கு எல்லாத் துளி மருந்தும் ஏற்றதல்ல. ஜென்டாமைசின், நியோமைசின் வகைகள் உட்செவிக்குப் போனால் கேட்கும் நரம்புக் கலங்களைக் கெடுக்கக்கூடியவை. சிப்ரொஃப்ளொக்சசின் துளிக்கு அந்தப் பயம் இல்லை. “போன முறை அக்காவுக்குக் கொடுத்த மருந்து” என்று போத்தலைக் காட்டி வாங்குவதை விட்டுவிடலாம்.

உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்? தாய்ப்பால்?

வேண்டாம். உள்ளி எண்ணெய் ரசத்துக்குத் தாளிக்க நல்லது. வடியும் காதில் எண்ணெயோ பாலோ விட்டால் கிருமிக்குச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகும், டொக்டர் பார்க்கும்போது உள்ளே எதுவும் தெரியவும் தெரியாது. சூடு பட்டு செவிப்பறை புண்ணாவதும் உண்டு. ஆச்சி கோபிப்பார். அவரிடம், “டொக்டர் தடுத்துவிட்டார்” என்று பழியை அங்கே போட்டுவிடுங்கள்.

கல்கிசையில் கடலில் குளித்ததால் வந்ததா? கொட்டன் பட் போட்டதாலா?

கடல் தண்ணீர் கொலஸ்டியட்டோமாவை உண்டாக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பதில் தண்ணீர் பட்டுத் தொற்று கிளம்பி வடியத் தொடங்கும், அதனால் அன்றைய குளிப்பின்மேல் பழி விழுகிறது. கொட்டன் பட் செவிப்பறையைக் கிழிக்கலாம், குடும்பியை உள்ளே தள்ளலாம். வழக்கமான காரணம் அதுவும் அல்ல. இருந்தாலும் அதைக் காதுக்குள் போட ஒரு நல்ல காரணமும் இல்லை.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

சிறு வயதில் அடிக்கடி காது வருத்தம் வந்தவர்கள், நடுச்செவியில் நீர் தேங்கி நின்றவர்கள். பிள்ளைகளின் ஊஸ்டேக்கியன் குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் அவர்களுக்குத் தொல்லை அதிகம். அண்ணப்பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குழாயைத் திறக்கும் தசையே ஒழுங்காக அமைந்திருக்காது. பிளவை மூடி ஒப்பரேஷன் செய்த பிறகும் அவர்களுடைய காதை வருடாவருடம் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்களும் அப்படியே. வீட்டுக்குள் சிகரெட் புகைப்பது பிள்ளைகளின் நடுச்செவி நோயைக் கூட்டுகிறது என்பது நிறுவப்பட்ட விஷயம். பல்கனியில் நின்று பிடித்தால் போதும் என்று நினைக்கும் அப்பாமார் கவனிக்கவும். ஃபிளாட்டில் புகை எங்கே போகும்?

ஒரு குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு, ஆனால் அது வழக்கமல்ல. தொற்றாது. ஒரு காதில் வந்தவரின் மறுகாதிலும் செவிப்பறை உள்ளே இழுபட்டிருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்ப்பார்கள்.

கொழும்பில் எங்கே காட்டலாம்?

பெரியவர்களுக்கு கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் ஒப்பரேஷனும் இலவசம். ஓபிடியில் காட்டியோ குடும்ப டொக்டரிடம் கடிதம் வாங்கியோ கிளினிக்குக்குப் போகலாம். தனியாரில் என்றால் காது மூக்கு தொண்டை நிபுணரைச் சனல் பண்ண வேண்டும். பலர் முதல் முறை சனல் பண்ணிப் பார்த்துவிட்டு, ஒப்பரேஷனுக்கு அதே நிபுணர் வேலை செய்யும் அரச வைத்தியசாலைக்கு வருகிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வராதவர்கள், பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. எந்தக் காது, எத்தனை மாதம், நாற்றம் உண்டா, தலைசுற்று உண்டா, முன்பு ஒப்பரேஷன் நடந்ததா என்ற ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுமனே “காது வடியுது” என்று சொன்னால் துளி மருந்தோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. “நாற்றத்தோடு, மூன்று தரம் மருந்து விட்டும் திரும்பி வருகிறது” என்றால் கேட்பவரின் காது நிமிரும்.

என்ன சோதனைகள் செய்வார்கள்?

முதலாவதும் முக்கியமானதும், காதை உறிஞ்சிச் சுத்தம் செய்து மைக்ரோஸ்கோப்பிலோ சன்னமான கமெராவிலோ பார்ப்பது. சீழையும் பொருக்கையும் எடுக்காமல் டோர்ச் அடித்துப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்பது பரிசோதனை ஆகாது. மேல் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பொருக்குக்குப் பின்னால்தான் முழு நோயும் ஒளிந்திருக்கும்.

அப்புறம் ஓடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. நடுச்செவி எலும்பு அறுந்தால் 60 டெசிபெல் வரை கேட்கும் திறன் குறையலாம். அதாவது சாதாரணப் பேச்சு அந்தக் காதில் விழாது. சிடி ஸ்கேன் எலும்பு எங்கே அரிந்திருக்கிறது என்று காட்டும், ஆனால் உள்ளே இருப்பது தோலா, சீழா, வெறும் வீங்கிய சவ்வா என்று சொல்லாது. அதைப் பிரித்துக் காட்டுவது ஒரு தனி முறையில் எடுக்கும் எம்ஆர்ஐ. 3 மில்லிமீற்றர் அளவுள்ள தோல் உருண்டையைக்கூட அது பிடித்துவிடும். எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் தேவைப்படாது.

ஒப்பரேஷன் கட்டாயமா?

அநேகமாக ஆம். தோலை முழுதாக வெளியே எடுக்க வேறு வழி இல்லை. மிகவும் வயதானவர், இதயம் மயக்க மருந்தைத் தாங்காதவர் என்றால், கிளினிக்கில் அடிக்கடி உறிஞ்சிச் சுத்தம் செய்து சமாளிப்பார்கள். வாய் அகன்ற ஆழமில்லாத குழிக்கும் அப்படிச் செய்யலாம். மற்றவர்களுக்குத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. ஆனால் இன்று இரவே ஓட வேண்டியதுமில்லை. சில வாரம், சில மாதம் பொறுத்திருக்கும் பட்டியலில் இருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை, பின்னால் சொல்லியிருக்கும் அவசர அறிகுறிகள் வராதவரை.

ஒப்பரேஷனில் என்ன செய்வார்கள்?

முழு மயக்கத்தில், வழக்கமாகக் காதுக்குப் பின்னால் வெட்டி, காதின் பின்புறத்து எலும்பை மைக்ரோஸ்கோப்பின்கீழ் நுணுக்கமாகக் கடைந்து, தோற்பையை விடாமல் பிரித்தெடுப்பார்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். சிறிய நோயாக இருந்தால் துவாரத்தின் வழியாகவே கமெரா வைத்து எடுப்பதும் உண்டு. செவிப்பறையைக் காதுக்கு மேலுள்ள தசையின் உறையாலோ காதுக் குருத்தெலும்பாலோ ஒட்டுவார்கள்.

பெரிய முடிவு ஒன்று இருக்கிறது: காதுத் துவாரத்தின் பின்சுவரை விடுவதா, எடுப்பதா? சுவரை விட்டால் காது பழையபடி இருக்கும், தண்ணீர் பட்டாலும் பிரச்சினை குறைவு. ஆனால் மூலைமுடுக்கில் தோல் மிஞ்சவும், திரும்ப வரவும் இடம் அதிகம். அதனால் 9 முதல் 12 மாதம் கழித்து இன்னொரு தரம் திறந்து பார்ப்பார்கள், அல்லது அந்தத் தனி எம்ஆர்ஐ எடுப்பார்கள். சுவரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே குழியாகிக் கண்ணுக்குத் தெரியும், நோய் திரும்புவது குறையும். பதிலுக்கு அந்தக் குழியை ஆயுள் முழுக்கக் கிளினிக்கில் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர் புகாமல் காக்க வேண்டும், துவாரத்தின் வாயும் பெரிதாக்கப்பட்டிருக்கும்.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. என் அபிப்பிராயத்தில், திருப்பி வர முடிகிறவரா என்பதைப் பொறுத்திருக்கிறது. அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் திரும்பாத ஒருவருக்கு, ‘வருடம் கழித்து மறுபடி பார்ப்போம்’ என்ற திட்டம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அந்த விவரத்தை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

முகம் கோணிவிடும் என்கிறார்களே?

நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது, ஆகவே ஆபத்து பூச்சியம் அல்ல. பழகிய கைகளில் நிரந்தரமாக முகம் கோணுவது நூறில் ஒன்றுக்கும் குறைவு. நோயை அப்படியே விட்டாலும் அதே நரம்பைத்தான் அது அரிக்கும் என்பதையும் தராசில் வைக்க வேண்டும். அந்தக் காது முற்றாகக் கேட்காமல் போவதும் அரிதாக நடக்கும். அடிக்கடி நடப்பது சிறிய தொல்லைகள்: சில நாள் தலைசுற்று, காது மடல் மரத்திருப்பது, நாக்கின் ஒரு பக்கத்தில் உலோகச் சுவை. சுவை நரம்பும் செவிப்பறைக்குப் பின்னால்தான் போகிறது. சில மாதத்தில் பெரும்பாலும் சரியாகும். அதுவரை மீன் குழம்பில் உப்புப் பார்ப்பதை வேறு யாரிடமாவது விடுங்கள்.

கேட்பது திரும்ப வருமா?

ஒப்பரேஷனின் முதல் நோக்கம் காதைப் பாதுகாப்பாகவும் உலர்ந்ததாகவும் ஆக்குவது. கேட்பது இரண்டாவது. அரிந்த எலும்புக்குப் பதில் குருத்தெலும்போ, செதுக்கிய சொந்த எலும்போ, டைட்டேனியம் துண்டோ வைக்கலாம். அதே நாளிலும் வைப்பார்கள், இரண்டாவது தரம் திறக்கும்போதும் வைப்பார்கள். ஏந்தி எலும்பு தப்பியிருந்தால் பலன் நன்றாக இருக்கும். போதாவிட்டால் காது மெஷின், அல்லது எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவி.

பள்ளிப் பிள்ளை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ‘சொல்வழி கேட்பதில்லை’ என்று ஏச்சு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன கவனம்?

காதுக்குள் மருந்துத் துணி சுருட்டி வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அவர்களே எடுப்பார்கள், நீங்கள் இழுக்கக் கூடாது. மூக்கைப் பலமாகச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். பாரம் தூக்க வேண்டாம். தோய வேண்டுமென்றால், டொக்டர் அனுமதித்த பிறகு, வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் அடைத்துக்கொண்டு தோயலாம். கொழும்புப் புழுக்கத்தில் தலைக்கு ஊற்றாமல் இருப்பது கொடுமைதான், ஆனாலும் ஈரமான காயத்தில் பங்கசும் கிருமியும் சேர்ந்துகொள்ளும். விமானப் பயணத்தைப் பொதுவாகச் சில வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். டிக்கெட் போட முன் கேளுங்கள். கடலில் சுழியோடுவது, ஸ்கூபா எல்லாம் பலருக்கு நிரந்தரமாகவே விலக்கு.

எப்போது ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது?

முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்தால். அறை சுழல்வதுபோலத் தலைசுற்றி வாந்தி எடுத்தால். காதின் பின்புறம் சிவந்து வீங்கி மடல் முன்னால் தள்ளி நின்றால். காய்ச்சலோடு கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, தடுமாற்றப் பேச்சு, அரைமயக்கம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும். திடீரென்று காது முழுதாக அடைத்துப்போனாலும். கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவு. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏறியதும் “காதில் கொலஸ்டியட்டோமா இருக்கிறது” என்று சொல்லிக் கார்ட்டைக் காட்டுங்கள். காய்ச்சலும் தலையிடியும் மட்டும் சொன்னால் டெங்கு என்று நினைத்து இரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்து வருடம். காது வடிவதில்லை. இன்னமும் கிளினிக் போக வேண்டுமா?

ஆம். ஊசிமுனை அளவு தோல் மிஞ்சியிருந்தாலும் அது மெதுவாகவே வளரும், வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். செவிப்பறையை உள்ளே இழுத்த அந்தக் குழாய்ப் பிரச்சினையும் ஒப்பரேஷனோடு தீர்ந்துவிடுவதில்லை, புதுக்குழி உண்டாகலாம். பிள்ளைகளில் திரும்ப வருவது பெரியவர்களைவிட அதிகம். பின்சுவர் எடுத்த காதென்றால் 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தரம் சுத்தம் செய்யவே போக வேண்டும். சுவர் உள்ள காதை எத்தனை வருடம் பார்ப்பது என்று உங்கள் டொக்டர் சொல்வார். வீடு மாறினாலோ வெளிநாடு போனாலோ ஒப்பரேஷன் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டைப் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். சுவர் எடுத்ததா, டைட்டேனியம் வைத்ததா என்பதை அடுத்த டொக்டர் முதலில் கேட்பார்.